நடுவில் கொக்கி

வெளிநாட்டில் ஒரு ரக்பி ஆட்டம் பார்க்கக் கிளம்பிய ஒன்பது பேருக்கும் விமானத்தில் சீட் பிரித்தவர் அவர்களுடைய பழைய கேப்டன். ஜன்னலோரம், நடைவழி ஓரம், கழிப்பறைக்குப் பக்கம் என்று மனிதர்கள் வழக்கமாக ஆசைப்படுகிற எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. கல்லூரி ரக்பி அணியில் யாருக்கு என்ன நம்பரோ அந்த வரிசைதான். சினிமாவுக்குப் போனாலும், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், ஒருமுறை ரத்த தானம் செய்யப் போய்ப் படுத்தபோதும்கூட அவர்கள் அந்த வரிசையைக் கலைத்ததில்லை. ஆகவே முன்வரிசைக்காரர்கள் மூவரும் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஜன்னலோரம் ஒன்றாம் நம்பர் பல் டாக்டர். நடைவழி ஓரம் மூன்றாம் நம்பர் லிஃப்ட்காரர். நடுவில் இரண்டாம் நம்பர் கொக்கி.

கொக்கி என்பது பட்டப்பெயர் மட்டுமல்ல, பதவி. ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. எட்டுப் பேர் தோளோடு தோள் பின்னிக் குனிந்து, எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ள வேண்டும். அந்த நெரிசலுக்குள் உருட்டிவிடப்படும் பந்தைக் காலால் கொக்கி போட்டு இழுப்பவன் முன்வரிசையின் நடு ஆள். இரண்டு பக்கத்து ஆட்களின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு ஏறக்குறைய தொங்குவான். அவர்கள் பிடித்தால்தான் அவன் இருப்பான். கல்லூரி நாட்களில் அப்படித் தொங்கிய கொக்கி இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். தொங்குவது மட்டும் திசை மாறிவிட்டது. மற்ற இரண்டு பேரும் இப்போது அவர்மேல் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளைக்குத் தண்ணி வேணுமான்னு கேளு," என்றார் லிஃப்ட்காரர்.

கொக்கி இந்தப் பக்கம் திரும்பினார். "தண்ணி வேணுமாடா?"

"வேண்டாம்னு சொல்லு. கேட்டதுக்கு நன்றின்னும் சொல்லு."

கொக்கி அந்தப் பக்கம் திரும்பினார். "வேண்டாமாம். ரொம்ப நன்றியாம். ஏன்டா, ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?"

"உன்கிட்ட யாரும் அபிப்பிராயம் கேக்கல," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். பிறகு ஒரே குரலில் பேசிவிட்ட சங்கடத்தில் ஒருவர் மேகத்தைப் பார்த்தார், மற்றவர் நடைவழியைப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருடமாக இதுதான் நிலவரம். நடுவில் பல் டாக்டர் லிஃப்ட்காரரின் தங்கையைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார் என்பது ஒரு உபரித் தகவல். அதனால் நிலவரம் மாறிவிடவில்லை. மேடையில் மச்சானும் மாப்பிள்ளையும் கைகுலுக்கினார்கள். போட்டோக்காரர் கெஞ்சியதால் குலுக்கினார்கள். அவர் கேமராவை இறக்கியதும் விட்டுவிட்டார்கள். பல் டாக்டரின் கிளினிக் ஐந்தாவது மாடி. கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்டைச் சோதித்து, இந்தக் கயிறு விடாது என்று கையெழுத்துப் போடுவது லிஃப்ட்காரரின் உத்தியோகம். அந்தக் கிளினிக் கட்டடத்து லிஃப்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் அவர் கையெழுத்து தொங்கியது. டாக்டர் பதினாறு வருடமாகப் படியில்தான் ஏறுகிறார். லிஃப்ட்காரரும் சளைத்தவரில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறபோது இரண்டு பஸ் மாறிப் போய் வேறொரு பல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருவார். அந்த டாக்டருக்குக் கை நடுக்கம் உண்டு. பரவாயில்லை என்று இருந்துவிட்டார்.

கிளம்புகிற அன்று விமான நிலைய வாசலில் தங்கை இருவரையும் நிறுத்திவைத்துப் பேசினாள். ஒருவரைப் பார்த்து ஒரு வார்த்தை, மற்றவரைப் பார்த்து ஒரு வார்த்தை.

"அண்ணா, எனக்கும் அலுத்துப்போச்சு. என் வீட்டுக்கு நீ வந்தா அவர் மொட்டைமாடிக்குப் போறார். அவர் உன் வீட்டுக்கு வந்தா நீ கடைக்குப் போற. இந்தத் தடவையும் பேசாம திரும்பி வந்தா, ரெண்டு பேரும் அங்கேயே ஏதாவது வேலை தேடிக்கோங்க. பசங்ககிட்ட நான் ஏதாவது சொல்லிக்கிறேன்."

லிஃப்ட்காரர் சிரித்து மழுப்பினார். ஆனால் மனசுக்குள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தார். இந்தப் பயணத்தில் சொல்லிவிடுவது. ஒரே ஒரு வார்த்தை. "விட்டேன்."

என்ன விட்டார் என்று சொன்னால்தான் புரியும்.

அந்தக் கல்லூரிக்கு ரக்பி அணி இருந்ததே ஒரு நிர்வாகக் கோளாறு. கால்பந்துக்கு ஆள் மிஞ்சிப்போய் ஒதுக்கப்பட்டவர்களை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் உண்டாக்கியது. பயிற்சியாளர் வேதியியல் ஆய்வகத்து உதவியாளர். மனிதர் நூலகத்துப் புத்தகம் ஒன்றைப் படித்து ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு, கற்றுக்கொடுத்தார். புத்தகத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்து ஐம்பத்தாறாம் பக்கம் வரை கிழிந்துபோயிருந்தது. அந்தப் பக்கங்களில் இருந்த விதிகளை அணி கடைசிவரை அறிந்துகொள்ளவில்லை. நடுவர் விசில் ஊதும்போதெல்லாம், "கிழிஞ்ச பக்கம் போலிருக்கு" என்று மரியாதையாகப் பந்தைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடத்தில் ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை.

ஆனால் ஸ்க்ரம் பக்கங்கள் முழுசாக இருந்தன. அதனால் ஸ்க்ரம் மட்டும் பிரமாதமாக வந்தது. விடிந்தும் விடியாத நேரத்தில், பனி காயாத புல்லில், எட்டுப் பேர் கட்டிக்கொண்டு மைதானத்து ரோலரைத் தள்ளுவார்கள். கொக்கியின் முதுகுக்குப் பின்னால் ஒன்றாம் நம்பரின் வலது கையும் மூன்றாம் நம்பரின் இடது கையும் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். இரண்டு பேரும் விடுதியில் ஒரே அறை. ஒரு வாளி, ஒரு அலாரம், கொடியில் ஒருத்தன் சட்டை காய்ந்தால் இன்னொருத்தன் போட்டுக்கொண்டு போவது. எது யாருடையது என்ற கேள்வியே அந்த அறையில் எழுந்ததில்லை.

விடுதி டிவி அறையை லிஃப்ட்காரர் இன்னும் மறக்கவில்லை. அந்த டிவியில் எல்லா அணியும் பச்சையாகவே தெரியும். தாங்கள் உயிராக நேசித்த அணி நீலச்சட்டை அணி என்பதே அவர்களுக்கு இறுதியாண்டில்தான் தெரியவந்தது. அந்த அணிக்கு ஸ்க்ரம் கிடைத்தால் இங்கே எட்டுப் பேரும் எழுந்து, கட்டிப் பிடித்துக் குனிந்து, டிவிக்குப் பக்கத்துச் சுவரைத் தள்ளுவார்கள். தள்ளினால் அங்கே அவர்கள் ஜெயிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்படவில்லை, ஆனால் சுவரில் தோள்பட்டைத் தடம் விழுந்திருந்தது. அந்தத் தடத்தை வெள்ளையடிக்க வந்தவர்களிடம் சண்டைபோட்டுக் காப்பாற்றினார்கள்.

இறுதியாண்டு, கடைசி ஆட்டம். மூன்று புள்ளி பின்தங்கி இருந்தார்கள். மூன்று என்பதே அவர்கள் வரலாற்றில் கௌரவமான எண். கடைசி நிமிடம். எதிரணிக் கோட்டுக்கு ஐந்து மீட்டரில் ஸ்க்ரம், பந்து இவர்களுடையது. தள்ளிக்கொண்டு போனால் ஜெயம். முதல் ஜெயம். ஆய்வக உதவியாளர் கோட்டோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் பக்கத்தில் தங்கையும் இருந்தாள்.

முட்டினார்கள். நகர்ந்தது. ஒரு மீட்டர், இன்னும் ஒரு மீட்டர். அந்த நேரத்தில் மூன்றாம் நம்பரின் டவுசரில் எலாஸ்டிக் அறுந்தது.

வலது கை எதிராளியின் சட்டையில் மாட்டியிருந்தது. இடது கை கொக்கியின் முதுகில். டவுசர் கீழே போய்க்கொண்டிருந்தது. கல்லூரியே பார்த்துக்கொண்டிருந்தது. சிந்திக்கக் கிடைத்தது அரை நொடி. அவன் இடது கையை எடுத்து டவுசரைப் பிடித்தான்.

அந்தப் பக்கம் கை போனதும் கொக்கி மொத்தமாக ஒன்றாம் நம்பர்மேல் சரிந்தான். அவர்கள்மேல் பின்னாலிருந்த ஐந்து பேர். ஒன்றாம் நம்பரின் வலது தோள் மூட்டு கழன்றது. பதினைந்து நாளில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிற தேர்வு இருந்தது. அந்தக் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்த ஒரே ஆள் அவன். கையைத் தூளியில் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பியவன் கேட்டது ஒன்றுதான்.

"கைய விட்டியாடா?"

"இல்லடா. புல்லு ஈரம். வழுக்கிடுச்சு."

"விட்டேன்னு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"விடல."

டவுசருக்காக விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? நண்பனின் தோளைவிட எனக்கு என் பின்புறம் பெரிதாகப் போய்விட்டது என்று சொன்ன மாதிரி ஆகாதா? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். நாளைகள் சேர்ந்து இருபத்திரண்டு வருடமாகிவிட்டன. அவன், அவர் ஆகிவிட்டார். ‘டா’ போய் ‘மாப்பிள்ளை’ வந்தது. அந்த ‘மாப்பிள்ளை’யில் இருந்த மரியாதை, ஒவ்வொரு முறையும் செருப்பில் புகுந்த கல் மாதிரி உறுத்தியது.

ஓட்டல் காலைச் சிற்றுண்டியில் முதல் முயற்சி. பல் டாக்டர் ரொட்டி வாட்டும் இயந்திரத்தின் முன் தனியாக நின்றார். லிஃப்ட்காரர் தட்டோடு போய்ப் பக்கத்தில் நின்றார். தொண்டையைச் செருமினார். ரொட்டி துள்ளி வெளியே வந்தது. டாக்டர் அதை எடுத்து, ஒன்றை மச்சான் தட்டில் வைத்துவிட்டுப் போனார். சிறுவயசுக் காதலன் மாதிரி லிஃப்ட்காரர் அந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னடா, கருகிடுச்சா?" என்றார் பின்னால் வந்த கேப்டன்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அச்சகம் நடத்துகிற கேப்டன் எல்லோருக்கும் நீலச் சட்டை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். முதுகில் பழைய நம்பர். அளவும் பழைய அளவு. ஒன்பது தொப்பைகளும் அதற்குள் நுழைந்து ஸ்டேடியத்துக்கு நடந்தபோது, எதிரே வந்த உள்ளூர்க்காரர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள்.

ஸ்டேடியத்திலும் அதே வரிசை. முன்னால் மூன்று சீட், சரியாகப் பின்னால் ஆறு. மைதானத்தின் பச்சையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. இத்தனை வருடம் டிவியில் பார்த்த பச்சை ஒன்று, இது வேறு. நனைந்த புல்லின் வாசனை படியேறி வந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். திரும்பிப் பார்த்தால் கேப்டன். "ஜலதோஷம்," என்றார்.

முதல் ஸ்க்ரம் எட்டாவது நிமிடத்தில் வந்தது. நடுவர் கையைத் தூக்கியதும், யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒன்பது பேரும் எழுந்தார்கள். முன்வரிசை மூவரும் தோள் பின்னிக் குனிந்தார்கள். பின்னாலிருந்தவர்கள் சீட்டின் மேலாக எட்டி அவர்கள் இடுப்பில் கைவைத்துத் தள்ளினார்கள். முன்சீட்டில் கம்பளிக்குல்லாய் போட்ட அம்மாள் ஒருத்தி, தன் முதுகில் மூன்று தலைகள் முட்டுவதை உணர்ந்து அலறினாள். மூன்றாவது ஸ்க்ரமில் பழகிவிட்டாள். ஐந்தாவதில், தலைகள் வந்து சேரும் முன்பே முதுகைச் சாய்த்து ஈடுகொடுத்தாள். இடைவேளையில் பெப்பர்மிண்ட் நீட்டினாள்.

இதில் ஒரு சின்னக் குறை. வேலையில் லீவு சொல்லி, வீட்டில் சமாதானம் சொல்லி, கடல் தாண்டி வந்தவர்கள் ஒரு ஸ்க்ரமைக்கூடப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே கூட்டம் கத்துகிற கத்தலை வைத்து என்ன ஆச்சு என்று ஊகித்துக்கொண்டார்கள். டிவி அறையில் சுவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வித்தியாசமாகவே படவில்லை.

எழுபதாவது நிமிடத்தில் கொக்கியின் பொறுமை உடைந்தது.

காரணம் அற்பம். "வெயில் படுதா, இந்தத் தொப்பி வேணுமான்னு கேளு," என்று லிஃப்ட்காரர் சொன்னார். "பழகிடுச்சுன்னு சொல்லு," என்று டாக்டர் சொன்னார்.

கொக்கி எழுந்து நின்றார். "டேய், நான் ஆளா, தபால்பெட்டியா? இருபத்திரண்டு வருஷம்! என் கல்யாணத்துல தாலி கட்டப் போறேன், நடுவுல இவன் வந்து ‘அவர் சாப்பிட்டாரான்னு கேளு’ங்கிறான். போய்க் கேட்டுட்டு வந்துதான்டா கட்டினேன்! எனக்கு ஒண்ணுக்கு வருது. முதல் பாதியிலேர்ந்து வருது. நான் எழுந்து போனா உங்களுக்கு நடுவுல யாருன்னு பயந்து அடக்கிட்டு உக்காந்திருக்கேன். போதும்."

போய்விட்டார். இருவருக்கும் நடுவில் ஒரு காலி சீட்டும், அதன்மேல் ஒரு தொப்பியும் இருந்தன.

ஆறு நிமிடம் ஆயிற்று. ஏழு ஆயிற்று. கழிப்பறையில் வரிசை நீளம் போலிருக்கிறது. கடைசிக் கட்டம், நீலச்சட்டைகள் பின்தங்கியிருந்தார்கள், எதிரணிக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரணியில் யாரோ பந்தை நழுவவிட்டார்கள். நடுவர் கையைத் தூக்கினார். ஐந்து மீட்டர். ஸ்க்ரம். நீலத்துக்கு.

ஒன்பதில் ஒன்று போக எட்டுப் பேரும் எழுந்தார்கள்.

"முன்வரிசையில ஓட்டை!" என்று பின்னாலிருந்து கத்தினார் கேப்டன். "அடைங்கடா! ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுங்க! அங்க அவங்க கட்டியாச்சு!"

இரண்டு பேரும் காலி சீட்டைப் பார்த்தார்கள். பிறகு ஆளுக்கு அரை அடி நகர்ந்தார்கள். டாக்டரின் வலது கை மச்சானின் முதுகில் விழுந்தது. லிஃப்ட்காரரின் இடது கை மாப்பிள்ளையின் வலது தோளைப் பற்றியது. குனிந்தார்கள். பின்னாலிருந்து எடை வந்து இறங்கியது. முன்னால் கம்பளிக்குல்லாய் அம்மாள் தயாராக இருந்தாள்.

லிஃப்ட்காரரின் விரல்களுக்கு அடியில், சட்டைக்குள், எலும்பு ஒரு இடத்தில் மேடாக இருந்தது. அந்தத் தோள்தான். கழன்று திரும்பப் பொருத்திய இடம். இத்தனை வருடம் ஒரே குடும்பமாக இருந்தும் அதை அவர் தொட்டதில்லை. மனிதர் அந்தக் கையோடுதான் தினமும் அடுத்தவர் பல்லைப் பிடுங்குகிறார்.

மேலே விசில். கூட்டம் முனகியது. ஸ்க்ரம் சரிந்துவிட்டது, மறுபடி கட்டச் சொல்லியிருப்பார் நடுவர். அவர்கள் நிமிரவில்லை.

"விட்டேன்," என்றார் லிஃப்ட்காரர், தரையைப் பார்த்து.

"என்னது?"

"அன்னைக்கு. நான்தான் கைய விட்டேன். வழுக்கல, ஒண்ணும் இல்ல. டவுசர் எலாஸ்டிக் அறுந்துபோச்சு. பிடிக்கிறதுக்காக விட்டேன். வெக்கத்துல சொல்லல. உன் தோள், உன் தேர்வு, எல்லாம் என் டவுசரால போச்சு."

மேலே மறுபடி விசில், மறுபடி முனகல். மறுபடியும் சரிந்துவிட்டது போல. ஒட்டி நின்ற டாக்டரின் உடம்பு லேசாகக் குலுங்கியது. அழுகிறாரோ என்று லிஃப்ட்காரர் பயந்துபோனார்.

"தெரியும்," என்றார் டாக்டர்.

"என்ன தெரியும்?"

"எலாஸ்டிக். அது என் டவுசர்."

"என்னது?"

"அன்னைக்குக் காலையில பார்த்தேன், என்னுது எலாஸ்டிக் நூலா நிக்குது. கொடியில உன்னுது பக்கத்துல தொங்குச்சு. நல்லா இருந்துச்சு. மாத்திட்டேன். நீ எப்பவும் பார்க்காம எடுத்துப் போட்டுக்கிறவன்தானே."

லிஃப்ட்காரர் குனிந்த வாக்கிலேயே தலையை மட்டும் திருப்பினார். முகத்துக்கு நேர் முகம், ஒரு சாண் தூரத்தில்.

"தெரிஞ்சுதான் ‘விட்டியா, விட்டியா’ன்னு கேட்டியா?"

"நீ விட்டேன்னு சொல்லியிருந்தா, நான் மாத்தினேன்னு சொல்லியிருப்பேன். வாயில வெச்சுக்கிட்டுத்தான் நின்னேன். நீ புல்லு ஈரம்னுட்ட."

"நீ முதல்ல சொல்லியிருந்தா நான் விட்டேன்னு சொல்லியிருப்பேனே!"

"தோள் கழண்டவன் நானா முதல்ல சொல்லணும்?"

"டவுசர் கழண்டவன் நான்! உன் டவுசர்! இருபத்திரண்டு வருஷம் நான் என்னையே கேவலமா நினைச்சுக்கிட்டு... ரெண்டு பஸ் மாறிப் போய், கை நடுங்குறவன்கிட்ட பல்லக் காட்டிட்டு வரேன்டா நான்!"

"எந்தப் பல்லு?"

"பேச்ச மாத்தாத!"

"வாயத் தொற. எந்தப் பல்லு? அந்தக் கடைசிப் பல்லா? எவன்டா இப்படி அடைச்சு வெச்சது? சிமென்ட் பூசின மாதிரி இருக்கு!"

மேலே ஸ்டேடியம் வெடித்தது. எழுபதாயிரம் பேர் ஒரே மூச்சில் கத்தினார்கள். பின்னாலிருந்த எடை விலகிப்போனது. கேப்டன் யாரையோ கட்டிப்பிடித்து அழுதார். சந்தோஷத்திலா துக்கத்திலா என்று கவனிக்க இவர்களுக்கு நேரமில்லை. குனிந்தே சண்டை போட்டார்கள், நிமிர்ந்து சண்டை போட்டார்கள், உட்கார்ந்து சண்டை போட்டார்கள். அறையில் வாளி யார் உடைத்தது என்று ஒரு பழைய வழக்கும் நடுவில் வந்தது. திரும்பி வந்த கொக்கி தன் சீட்டில் இரண்டு பேரும் பாதிப் பாதியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அப்படியே திரும்பி மற்றவர்களையும் ஓட்டிக்கொண்டு வெளியே போனார். கம்பளிக்குல்லாய் அம்மாள் மிச்சமிருந்த பெப்பர்மிண்டை இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள்.

கூட்டம் வடிந்தது. வெயில் சாய்ந்து மேல்வரிசைகளில் மட்டும் மிச்சமிருந்தது. நீளமான துடைப்பத்தோடு ஒருவர் வரிசை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இவர்கள் காலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். பேச்சு முடியட்டும் என்று கொஞ்சநேரம் காத்துக்கூடப் பார்த்தார். முடிகிற மாதிரி இல்லை. பாவம், உள்ளேயே வேலையாக இருந்திருப்பார் போல. மைதானத்தைக் காட்டி, கட்டைவிரலை உயர்த்தி, யார் ஜெயித்தது என்று கையாலேயே கேட்டார்.

லிஃப்ட்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஸ்கோர் பலகையைப் பார்த்தார். அதை அணைத்துவிட்டிருந்தார்கள்.

"டேய்," என்றார் டாக்டர் தாழ்ந்த குரலில், "யார்டா ஜெயிச்சது?"

"எனக்கெப்படித் தெரியும்? நீதான என் வாய்க்குள்ள பார்த்துக்கிட்டிருந்த."

துடைப்பக்காரர் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். தோற்றுப்போன அணியின் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. ஆறுதலாக லிஃப்ட்காரரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவர்கள் காலைத் தூக்கச் சொல்லிக் கூட்ட ஆரம்பித்தார்.